இணையத்தில் வாங்கிய கிளாசிக் கார் விளம்பரத்துக்கு மாறாக இருந்தால்

படங்களையும் விற்பவரின் விவரணையையும் நம்பிப் பணம் செலுத்தி, தொலைவிலிருந்து லாரியில் ஏற்றி வரவழைத்த பழைய கார், விளம்பரத்தில் சொல்லப்பட்ட கார் அல்ல என்று தெரியவரும்போது, வாங்கியவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை பிடிக்கிறார். அல்லது, வந்தது வந்துவிட்டது, சரிசெய்துகொள்வோம் என்று வண்டியை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுகிறார். இரண்டுமே அவர் கையில் இருக்கும் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் இரண்டே பொருள்களைச் சுற்றித்தான் முடிவாகின்றன: விற்றவர் எழுத்தில் சொன்ன குறிப்பிட்ட ஒரு வாக்கியம், அது உண்மையல்ல என்று காட்டும், உங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒருவர் எடுத்த அளவீடு. இந்த இரண்டையும் கெடாமல் சேர்த்து வைத்த பிறகுதான் கோபத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி வையுங்கள்

மாறுபாடு தெரிந்த நேரத்திலிருந்து வண்டியை ஓட்ட வேண்டாம். எந்த உதிரிபாகத்தையும் கழற்ற வேண்டாம். பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் பெயருக்குப் பதிவு மாற்றம் இன்னும் நடக்கவில்லை என்றால், அதை முடிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏனெனில் ஒரு பொருளில் குறை இருப்பது தெரிந்த பிறகும் அதை உங்களுடையதாகவே நடத்தினால், அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட வழி பிறக்கும். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1958இல் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமான உதாரணம். மிகச் சிறந்த நிலையில் இருப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட லாரி ஒன்றின் டைனமோ முதல் பயணத்திலேயே பழுதானது. வேறு குறைகளும் வெளிப்பட்டன. டைனமோவைச் சரிசெய்யும் செலவில் பாதியைத் தருவதாக விற்றவர் சொன்னதை வாங்கியவர் ஏற்றுக்கொண்டு, லாரியை அடுத்த நெடும்பயணத்துக்கும் அனுப்பினார். அந்தப் பயணத்தில் அது வழியிலேயே நின்றுபோன பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை அவர் இழந்துவிட்டார் என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், குறையை அறிந்த பின் பயன்படுத்துவது ஒப்புதலாகக் கருதப்படலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது.

கிளாசிக் கார் வாங்குபவர்கள் கைவேலையில் நாட்டம் உள்ளவர்கள் என்பதால், இந்த அறிவுரையைத்தான் அவர்கள் அதிகம் மீறுகிறார்கள். கொட்டகையில் நிற்கும் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. ஆனால் நீங்கள் கைவைத்த எந்தப் பகுதியைப் பற்றியும், அந்தப் பழுதை உண்டாக்கியவரே நீங்கள்தான் என்று விற்றவர் பிறகு சொல்ல முடியும். அதே வேளையில், வண்டி உங்கள் பொறுப்பில் இருக்கும் வரை அதைப் பாதுகாப்பதும் உங்கள் கடமையே. மழையும் வெயிலும் படாத இடத்தில் நிறுத்தி, தீ விபத்துக்கும் திருட்டுக்கும் எதிரான காப்பீட்டை நடைமுறையில் வைத்திருங்கள்.

அடுத்து, விளம்பரம் மறைவதற்கு முன் அதைக் கைப்பற்றுங்கள். விற்பனை முடிந்ததும் விளம்பரங்கள் நீக்கப்படுவதும், தகராறு என்று தெரிந்ததும் அவற்றின் வாசகங்கள் மாற்றப்படுவதும் நடக்கக்கூடியவையே. முகவரியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிடிஎஃப் கோப்பாகவும் சேமித்து, படங்களை அவற்றின் முழு அளவில் தனித்தனியே பதிவிறக்கம் செய்யுங்கள். நம்பத் தகுந்த இன்னொருவரையும் அதே பக்கத்தைத் தம்முடைய கணினியில் சேமிக்கச் சொல்வது, பிறகு சாட்சியாகப் பயன்படும். விற்பவருடன் நடந்த குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள், குரல் செய்திகள் ஆகியவற்றை நீக்காமல் வேறொரு இடத்திலும் படியெடுத்து வையுங்கள். முக்கியமான வாக்குறுதி எதுவும் தொலைபேசிப் பேச்சில் மட்டும் தரப்பட்டிருந்தால், அந்தப் பேச்சை நினைவிலிருந்து இப்போதே எழுதித் தேதியிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் குறிப்புக்கு இன்று எழுதும் குறிப்பின் மதிப்பு இருக்காது.

வண்டி லாரியிலிருந்து இறங்கும்போதே குறைகள் தெரிந்தால், போக்குவரத்தில் ஏற்பட்ட சேதத்தையும் விற்றவர் மறைத்த குறையையும் பிரித்துக்கொள்வது அவசியம். புதிய சிராய்ப்பு, உடைந்த விளக்கு, வளைந்த பம்பர் போன்றவற்றை ஓட்டுநர் நீட்டும் ஒப்புகைச் சீட்டிலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்திட வேண்டும். போக்குவரத்து நிறுவனங்களிடம் புகார் செய்வதற்கான காலவரம்பு பொதுவாக மிகக் குறைவு. இந்த இரண்டு வகையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால், விற்றவர் லாரிக்காரரைக் காட்டுவார், லாரிக்காரர் விற்றவரைக் காட்டுவார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

எந்த வாக்கியம் பொய்?

இப்போது விளம்பரத்தை அச்சிட்டு, பென்சிலுடன் உட்காருங்கள். அதிலுள்ள எல்லா வாக்கியங்களும் உங்களுக்கு உதவாது. ‘அழகான வண்டி’, ‘சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்’, ‘இந்த விலைக்கு வேறு கிடைக்காது’ என்பவை விற்பவரின் புகழ்ச்சி. அவற்றை எந்த நீதிமன்றமும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாது. சோதித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின்’, ‘துரு கிடையாது’, ‘விபத்தில் சிக்கியதில்லை’, ‘இரண்டாவது உரிமையாளர்’, ‘எஞ்சின் ஓவர்ஹால் செய்து ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்பவை அத்தகையவை. ‘என் அறிவுக்கு எட்டியவரை’ என்ற சொற்கள் முன்னால் சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை வாக்கியத்தை முற்றிலும் செல்லாததாக்குவதில்லை, ஆனால் விற்றவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டிய சுமையைக் கூட்டுகின்றன.

சாதாரணப் பழைய காருக்கும் கிளாசிக் காருக்கும் இடையே இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாதாரணக் காரில் சண்டை அதன் நிலையைப் பற்றியது. கிளாசிக் காரில், மிகப் பெரிய தொகைகள் அதன் அடையாளத்தைப் பற்றிய பொய்யில்தான் இழக்கப்படுகின்றன. ஒரே உருவம் கொண்ட இரண்டு வண்டிகளில், ஒன்று தொழிற்சாலையிலிருந்தே உயர்ந்த எஞ்சினுடன் வெளிவந்த அரிய வகையாகவும், மற்றொன்று சாதாரண வகையில் சின்னங்களையும் உதிரிபாகங்களையும் மாட்டி உருவாக்கியதாகவும் இருக்கலாம். 1969ஆம் ஆண்டின் செவ்ரோலெட் கமேரோவில், அடையாள எண்ணைப் படித்தால் ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பது தெரியுமே தவிர, விலை உயர்ந்த எஸ்எஸ் அல்லது இசட்/28 வகையா என்பது தெரியாது. 1964, 1965ஆம் ஆண்டுகளின் பான்டியாக் ஜிடிஓ வண்டிகளும் அப்படித்தான். அப்போது ஜிடிஓ என்பது அதே நிறுவனத்தின் லெமான்ஸ் என்ற வண்டியில் கூடுதலாகக் கேட்டுப் பெறும் தொகுப்பாக இருந்ததால் எண்ணில் அதன் அடையாளம் இல்லை. மினி கூப்பர் எஸ் வண்டிகளிலும் இத்தகைய போலிகள் ஏராளம். இவற்றை உருவாக்குவது குற்றமல்ல, உருவாக்கியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

அடையாளத்தைப் பற்றிய சொற்களில் ‘ஒரிஜினல்’ என்பதை மட்டும் மிகுந்த எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்ஸின் லெமான்ஸ் நகரில் நடக்கும் கார் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லியின் விற்பனை தொடர்பான வழக்கு 1990இல் லண்டனில் விசாரிக்கப்பட்டது. பந்தய வாழ்வில் அதன் பெரும்பாலான பாகங்கள் மாற்றப்பட்டுவிட்டதால் அது அந்தக் காரே அல்ல என்று வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாதிட்டார்கள். ஒரே வண்டியாக அது தொடர்ந்து வாழ்ந்து வந்திருக்கிறது என்பதைக் கருத்தில் கொண்டு, அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன் தான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். எனவே உங்கள் புகாரை ‘ஒரிஜினல் இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், எந்தப் பாகம், எந்த எண், எந்த ஆண்டு என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சோதனை

வண்டியைச் சோதிக்கும் வேலையை, அந்த வண்டி வகையை நன்றாக அறிந்த, உங்களுக்கு உறவோ நட்போ இல்லாத ஒருவரிடம் கட்டணம் கொடுத்து ஒப்படைத்து, கையெழுத்திட்ட அறிக்கையாகப் பெறுங்கள். பொதுவான மெக்கானிக் பிரேக்கையும் கிளட்சையும் பற்றி நன்றாகச் சொல்வார்; எஞ்சின் எண் வெட்டப்பட்ட எழுத்துருவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தந்த வகைக் கார்களுக்கென்று இயங்கும் உரிமையாளர் சங்கங்களில் இத்தகைய நிபுணர்கள் இருப்பார்கள்; சில சங்கங்கள் தங்கள் வகையில் எஞ்சியிருக்கும் வண்டிகளின் பதிவேட்டையே பராமரிக்கின்றன. உங்கள் வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) எண், அந்தப் பதிவேட்டில் வேறொருவரிடம் இப்போதும் இருக்கும் வண்டியின் எண்ணாக இருந்தால், அந்தத் தகவல் ஒன்றே முழு அறிக்கைக்குச் சமம்.

இன்று நாம் காணும் பதினேழு எழுத்துகள் கொண்ட வின் எண் (வாகன அடையாள எண்) அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஆகவே புதிய கார்களுக்குப் பயன்படும் இணையத் தேடல் கருவிகள் கிளாசிக் கார்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. நிறுவனத்தின் தயாரிப்பு ஆவணங்களைத்தான் நாட வேண்டும். ஆஸ்டின், மாரிஸ், எம்ஜி, டிரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளின் ஆவணங்களிலிருந்து இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் சான்றிதழ் தருகிறது. 1967ஆம் ஆண்டிலிருந்தான ஃபோர்டு வண்டிகளுக்கு நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அறிக்கை தயாரிக்கிறது. பான்டியாக்குக்கும் இதுபோன்ற ஆவணச் சேவை உள்ளது. இத்தகைய சான்றிதழ்களில், வண்டி வெளிவந்தபோது என்ன நிறம், என்ன எஞ்சின், எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பவை போன்ற விவரங்கள் கிடைக்கும். ஆனால் ஆவணத்தைப் பார்த்து எழுதப்படும் சான்றிதழ், உங்கள் கொட்டகையில் நிற்கும் இரும்பைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. சேசிஸ் எண் பொறித்த பலகையை வேறொரு வண்டியிலிருந்து பெயர்த்து ஒட்டியிருந்தால், அந்தச் சான்றிதழ், அங்கே இல்லாத ஒரு வண்டிக்குச் சாட்சி சொல்லும். வண்டியையே நேரில் சோதித்துத் தரப்படும் சான்றுகள், ஃபெராரியின் கிளாசிக்கே பிரிவு தருவது போன்றவை, வேறு தரத்தவை.

எனவே எண்ணைப் படிப்பதோடு அந்த எண் எப்படி அங்கே வந்தது என்பதையும் நிபுணர் பார்க்க வேண்டும். பலகையின் ரிவெட்டுகள் அந்த ஆண்டுக்கு உரியவையா, சேசிஸில் எண் வெட்டப்பட்ட இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ தேய்ப்பின் தடமோ இருக்கிறதா, எழுத்துகளின் ஆழமும் வரிசையும் சீராக உள்ளனவா என்பவை முக்கியம். எஞ்சின் பிளாக்கில் எண் வெட்டப்பட்ட தளத்தில், தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள் பல வகை வண்டிகளில் தெரியும். அந்தத் தளம் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டு எண் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் சந்தேகம் எழ வேண்டும், ஓவர்ஹாலின்போது தளம் இழைக்கப்பட்டிருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதையும் மறக்காமல். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது வார்ப்புத் தேதி. பல நிறுவனங்களின் எஞ்சின் பிளாக், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ் கூடு ஆகியவற்றில் வார்க்கப்பட்ட நாளைக் குறிக்கும் குறியீடு உண்டு. கண்ணாடிகளிலும் தேதிக் குறியீடு இருப்பதுண்டு. ஒரு கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகு வார்க்கப்பட்ட பிளாக், அந்தக் காருடன் பிறந்ததாக இருக்கவே முடியாது. இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் அரிது.

உடலின் நிலைக்கு வந்தால், பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியே முதல் சாட்சி. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவை ஒட்டியே இருக்கும். முழுமையாக மீண்டும் பெயிண்ட் அடித்த வண்டியில் இது இரண்டு மூன்று மடங்காகலாம், அது தன்னளவில் குற்றமல்ல. ஆனால் ஓரிடத்தில் 1,000 மைக்ரானைத் தாண்டினால் அங்கே பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவுகள், முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி, பின் டிக்கியின் தளம், சேசிஸ் சட்டத்தின் முனைகள் ஆகியவை துருவின் வழக்கமான இருப்பிடங்கள். அடிப்பகுதி முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் மகிழாதீர்கள். துருவைத் தடுப்பதற்கும் துருவை மறைப்பதற்கும் பயன்படுவது ஒரே பூச்சுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துப் படமெடுக்கலாம், எதையும் உடைக்க வேண்டியதில்லை.

எஞ்சினுக்கு, ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை போதுமானது. எல்லா சிலிண்டர்களின் அழுத்த அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், அண்மையில் ஓவர்ஹால் செய்யப்பட்டது என்ற பேச்சு நிற்காது. ஓடிய தூரத்தைப் பொறுத்தவரை மீட்டரைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பழைய கார்களில் பலவற்றின் மீட்டர் ஐந்து இலக்கமே கொண்டது. 99,999ஐத் தாண்டியதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பழைய சர்வீஸ் ரசீதுகள், சோதனைச் சான்றுகள், ஆயில் மாற்றியபோது ஒட்டிய சீட்டுகள் ஆகியவற்றில் உள்ள தேதியையும் தூரத்தையும் வரிசைப்படுத்தி எழுதினால், கணக்கு எங்கே பின்னோக்கிச் செல்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு அளவீட்டையும், அளவுகோலும் வண்டியும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். விற்றவரோ அவருடைய பிரதிநிதியோ சோதனையின்போது உடனிருக்க விரும்பினால் அனுமதியுங்கள். அழைப்பு எழுத்தில் போகட்டும். அவர் வராவிட்டாலும், வருமாறு அழைத்தீர்கள் என்பதே அறிக்கைக்கு வலு சேர்க்கும்.

என்ன கேட்பது

அறிக்கை கைக்கு வந்ததும், உங்களுக்கு வேண்டியது என்ன என்பதை முடிவு செய்யுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் லாரிச் செலவையும் பெறுவதா, வண்டியை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதா என்பது முக்கியமான பிரிவு. அடையாளம் பற்றிய பொய்யாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதே பெரும்பாலும் சரி என்பது என் கருத்து. ஏனென்றால் துருவை வெட்டி எடுக்கலாம், வேறொரு காரின் வரலாற்றை உங்கள் காருக்கு ஒட்டவைக்க முடியாது. நிலை பற்றிய பொய்யாக இருந்து, வண்டி உங்களுக்குப் பிடித்தும் இருந்தால், விலைக் குறைப்பு இருவருக்கும் எளிது.

குறைப்பைக் கணக்கிடுவதில் இரண்டு முறைகள் உண்டு. நீங்கள் கொடுத்த விலை 100 என்று வைத்துக்கொள்வோம். சொன்னதெல்லாம் உண்மையாக இருந்திருந்தால் அந்த வண்டியின் சந்தை மதிப்பு 110, இப்போதுள்ள நிலையில் அதன் மதிப்பு 60. வாக்குறுதி ஒப்பந்தத்தின் பகுதியாகவே இருந்தது என்று நிறுவினால், பொதுவாக 110க்கும் 60க்கும் உள்ள வேறுபாடான 50ஐக் கேட்கலாம். பொய்யுரையால் ஏமாந்தேன் என்ற அடிப்படையில் மட்டும் கேட்டால், கொடுத்த 100க்கும் 60க்கும் உள்ள வேறுபாடான 40தான் கிடைக்கும். எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பது விற்றவர் யார் என்பதைப் பொறுத்தும் அமையும். 1957இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வழக்கில், வண்டியின் பதிவுப் புத்தகத்தை நம்பித் தம்முடைய மாரிஸ் காரை 1948ஆம் ஆண்டு மாடல் என்று சொல்லி விற்ற ஒரு தனிநபர், அது உண்மையில் 1939ஆம் ஆண்டு மாடல் என்று தெரியவந்த பிறகும் தப்பித்தார். வாங்கியவர் கார் வியாபாரி, உண்மையைக் கண்டறியும் வசதி அவருக்கே அதிகம் என்று நீதிமன்றம் கருதியது. 1965இல் இதற்கு நேர்மாறான தீர்ப்பு வந்தது. எஞ்சின் மாற்றிய பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்று சொல்லிப் பென்ட்லியை விற்றவர் வியாபாரி. அவர் உண்மையை அறியும் நிலையில் இருந்தவர் என்பதால் அந்தச் சொல் ஒப்பந்த வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. விற்பவர் தனிநபர் போலத் தோன்றினாலும், அதே பெயரில், அதே தொலைபேசி எண்ணில், படங்களில் அதே பின்னணியுடன் வேறு கார்களையும் விற்றிருக்கிறாரா என்று தேடிப்பார்ப்பது இதனால் பயனுள்ளது. பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் வியாபாரிக்கு எதிராக மட்டுமே செல்லும்.

‘உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்ற வரி விளம்பரத்தில் இருப்பதைக் கண்டு பலர் தொடங்குவதற்கு முன்பே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்த வரி, விற்றவர் எதுவும் சொல்லாமல் விட்ட குறைகளுக்குப் பெரும்பாலும் அவரைக் காக்கும். தாமே வாய்திறந்து சொன்ன பொய்க்கு, குறிப்பாகத் தெரிந்தே சொன்ன பொய்க்கு, அது கேடயமாக நிற்பது கடினம்.

கடிதம்

முதல் கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்க வேண்டும். ‘மோசடி’, ‘திருடன்’ போன்ற சொற்கள் அதில் வேண்டாம். அவற்றைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், எழுதியதைத் திரும்பப் பெறுவதுதான் முடியாது. காவல்துறையில் புகார் கொடுப்பேன் என்று மிரட்டிப் பணம் கேட்பது சில நாடுகளில் எழுதியவருக்கு எதிராகவே குற்றமாகிவிடும். கீழ்க்காணும் அமைப்பில் எழுதலாம்.

‘ஐயா, தாங்கள் இந்தத் தேதியில் வெளியிட்ட விளம்பரத்தில், இந்த வண்டியில் உள்ளது தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் என்றும், சேசிஸில் துரு இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த இரு கூற்றுகளையும் நம்பியே நான் வண்டியை வாங்கினேன். இணைத்துள்ள சோதனை அறிக்கையின்படி, எஞ்சின் பிளாக்கின் வார்ப்புத் தேதி வண்டி தயாரான தேதிக்குப் பதினான்கு மாதங்கள் பிந்தையது. சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தில் இரண்டு இடங்களில் துரு துளைத்து, அதன் மேல் தகடு ஒட்டி வெல்டிங் செய்யப்பட்டுள்ளது. ஆகவே வண்டியை நான் ஏற்கவில்லை. செலுத்திய விலையையும் போக்குவரத்துச் செலவையும் திருப்பி அளித்து, தங்கள் செலவில் வண்டியை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வண்டி ஓட்டப்படாமல் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும். தாங்கள் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்வையிடலாம். இக்கடிதம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் அளிக்க வேண்டுகிறேன்.’

கடிதம் சென்று சேர்ந்ததற்குச் சான்று தரும் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதிலாகத் தொலைபேசி அழைப்பு வந்தால் பணிவாகப் பேசிவிட்டு, பேசியதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலில் அவருக்கு எழுதி, இதில் தவறு இருந்தால் தெரிவிக்குமாறு கேளுங்கள். சமரசமாக ஒரு தொகை முடிவானால், பணம் உங்கள் கணக்கில் ஏறும் முன் வண்டியையோ மூல ஆவணங்களையோ ஒப்படைக்காதீர்கள்.

பணம் போன வழியிலேயே திரும்பும் வாய்ப்பு

விற்றவரின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே, பணம் செலுத்திய வழியைப் பாருங்கள், ஏனெனில் அதற்கான கெடு உங்களுக்காக நிற்காது. முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், பொருள் விவரணைக்கு மாறாக உள்ளது என்ற அடிப்படையில் கார்டு வழங்கிய வங்கியிடம் புகார் செய்யலாம். பெரிய கார்டு அமைப்புகளில் இதற்கான வரம்பு பொதுவாக 120 நாட்கள். வங்கிகள் தங்கள் அளவில் இதைவிடக் குறைத்தும் கேட்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுத்ததாகவோ கொடுக்க முயன்றதாகவோ நீங்கள் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், மேலே சொன்ன கடிதம் இங்கேயும் பயன்படும். வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் வரை பணத்தை மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் இடைநிலைக் கணக்கில் (எஸ்க்ரோ) அது இன்னும் விடுவிக்கப்படாமல் இருந்தால், சோதனைக் காலம் முடிவதற்குள் மறுப்பைப் பதிவு செய்வது மற்ற எல்லா வேலைகளையும்விட முக்கியம். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் போன பணம் எளிதில் திரும்பாது. ஆனாலும் முதல் ஓரிரு நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் பணத்தை நிறுத்திவைக்கச் சில நேரம் வழி இருக்கும்.

விற்பனைத் தளங்களும் ஏல நிறுவனங்களும், தாங்கள் இடம் கொடுத்தவர்கள் மட்டுமே என்று விதிகளில் எழுதி வைத்திருப்பது வழக்கம். அப்படியிருந்தும் அவர்களிடம் முறைப்படி புகார் செய்யுங்கள். விற்றவரின் உண்மையான பெயர், முகவரி, அவர் விளம்பரத்தில் செய்த திருத்தங்களின் பதிவு ஆகியவை அவர்களிடம்தான் இருக்கும்.

பதினான்கு நாட்களில் பதில் வராவிட்டால் வழக்கறிஞரின் நோட்டீஸ், அதன் பின் நுகர்வோர் அமைப்பு அல்லது நீதிமன்றம் என்று செல்லலாம். செல்வதற்கு முன் இரண்டு விஷயங்களை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளியுங்கள். விற்றவர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் வழக்கு எந்த ஊரில் நடக்கும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் அவரிடமிருந்து வசூலிக்கச் சொத்து ஏதும் இருக்கிறதா. வசூலிக்க முடியாத வெற்றியைவிட, சற்றுக் குறைந்த தொகைக்கு இன்றே முடியும் சமரசம் பல நேரங்களில் மேல். காலதாமதமும் உரிமையைத் தின்னும்: ஓர் ஓவியம் யார் வரைந்தது என்பதைப் பற்றித் தவறாகச் சொல்லப்பட்ட வழக்கில், வாங்கியவர் ஐந்து ஆண்டுகள் கழித்து வந்ததால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று 1950இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

எண்ணே மாற்றப்பட்டிருந்தால்

சேசிஸ் எண் அழிக்கப்பட்டு மீண்டும் வெட்டப்பட்டதாகவோ, வேறொரு வண்டிக்குரியதாகவோ நிபுணர் சொன்னால், இதுவரை சொன்ன பேச்சுவார்த்தை வழியை அங்கேயே நிறுத்துங்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம். அப்படியானால் விற்றவருக்கு அதை விற்கும் உரிமையே இருந்திருக்காது, உங்களுக்கும் உரிமை வந்திருக்காது. பணத்தைத் திருப்பித் தருகிறேன், வண்டியை இன்றிரவே அனுப்பு என்று அவர் அவசரப்பட்டால் இணங்காதீர்கள். வண்டி போனால் சான்றும் போய்விடும், திருட்டுப் பொருளைக் கைமாற்றியவர் என்ற பழியும் உங்கள் மேல் விழலாம். வழக்கறிஞர் மூலமாகக் காவல்துறையிலும் வாகனப் பதிவு அலுவலகத்திலும் தெரிவித்து, நீங்கள் வாங்கியதற்கான எல்லா ஆவணங்களின் நகலையும் ஒப்படைத்து ஒப்புகை பெறுங்கள்.

மாறாக, விலைக் குறைப்பைப் பெற்றுக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்வது என்று முடிவானால், சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதிலுள்ள ஒரு வரியைக் கவனியுங்கள். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை விற்றவர்கள் சேர்ப்பதுண்டு. அதை அப்படியே ஏற்றால், பின்னாளில் இந்த வண்டியை நீங்கள் விற்கும்போது சிக்கல் வரும். எஞ்சின் பின்னாளில் மாற்றிப் பொருத்தப்பட்டது என்று இப்போது உங்களுக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தால் அதே பொய்யுரைக்கு நீங்கள் பொறுப்பாளி. வண்டியின் தொழில்நுட்ப நிலையையும் சோதனை அறிக்கையையும் அடுத்து வாங்குபவருக்குக் காட்டலாம் என்ற விலக்கை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்த அறிக்கையை வண்டியின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் திருத்திய மதிப்பைத் தெரிவியுங்கள். இல்லாத வகைக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் கட்டணம் கட்டிவந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த நிறுவனமும் இதே வார்ப்புத் தேதியைத்தான் எடுத்துக் காட்டும்.